மைல் கணக்கும் மஞ்சக் கடுதாசியும்

எங்க தர்மபுரியில ஏர்போர்ட் கிடையாது மக்களே. பெங்களூருக்கு பஸ் புடிச்சுப் போய்த்தான் ப்ளேன் ஏறணும். அப்படிச் சேர்த்த மைல்களைக் கொடுத்து டிக்கெட் கேட்டா தீபாவளிக்கு சீட் இல்ல, பொங்கலுக்கும் இல்ல. கிடைச்சாலும் வரியை நாமதான் கட்டணும் (இதுக்குப் பேரு இலவசமாம்!).

1981 மே மாசம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பெரிய அளவில் ஆரம்பிச்சு வச்ச கூத்து இது. மைல்ங்கறது விமான கம்பெனி நமக்குத் தரவேண்டிய கடன். சீட்டுக் கம்பெனி மாதிரி, அது ஓடுற வரைக்கும்தான் மதிப்பு.

2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் லைசென்ஸை முடக்கினாங்க. 'கிங் கிளப்' மைல்கள் அம்போ. மாசக்கணக்கா சம்பளம் வராத ஊழியர்களே வரிசையில நிக்கும்போது மைல்காரனை யாரு சீண்டுவா?

2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ் நின்னப்போ கதையே வேற. அதோட மைல் திட்டமான ஜெட் பிரிவிலேஜ் தனிக் கம்பெனி. பெரும்பங்கு எத்திஹாட் கையில. அதனால மைல்கள் பிழைச்சுது. அதே வருஷம் இன்டர்மைல்ஸ்னு பேரை மாத்தி, மத்த விமானங்களுக்கும் ஓட்டலுக்கும் பயன்படுத்த விட்டாங்க. இதுல வேடிக்கை, அந்தப் பங்கை 2014-ல் 15 கோடி டாலருக்கு ஜெட் வித்ததே நஷ்டத்தில தத்தளிச்சுக்கிட்டிருந்த நேரத்திலதான்.