ரான்சம்வேர் தாக்கிய அலுவலகக் கணினியை மீட்பது எப்படி?

புதுதில்லி: அலுவலகக் கணினியில் எந்தக் கோப்பும் திறக்கவில்லை; திரையில் பணம் கேட்கும் அறிவிப்பு மட்டும் நிற்கிறது என்றால், அது பெரும்பாலும் ரான்சம்வேர் தாக்குதலாகவே இருக்கும். கோப்புகளைக் குறியாக்கம் செய்து பூட்டி, அவற்றைத் திறக்கும் சாவிக்கு விலை கேட்கும் தீய மென்பொருளே ரான்சம்வேர்.

2022 நவம்பர் 23-ஆம் தேதி தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானது. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு குறியாக்கம் செய்யப்பட்டது. நோயாளிகள் பதிவு உள்ளிட்ட பணிகள் பல நாள்கள் கையால் எழுதியே நடைபெற்றன. பாதிக்கப்படாத காப்பு சர்வர் ஒன்று இருந்ததால், மருத்துவமனையின் தரவுகள் மீட்கப்பட்டன.

முதலில் துண்டிக்க வேண்டும்

பாதிக்கப்பட்ட கணினியின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, வைஃபை இணைப்பை நிறுத்த வேண்டும். பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை அதில் இணைக்கக் கூடாது. இணைப்பைத் துண்டிக்க முடிந்தால் கணினியை அணைக்காமல் விடுவது நல்லது. அதன் நினைவகத்தில் உள்ள தடயங்கள் மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும். துண்டிக்க வழியில்லை எனில் அணைத்துவிடலாம்.

புகாரும் ஆதாரமும்

திரையில் தோன்றும் அறிவிப்பைப் படம் எடுத்து வைக்க வேண்டும். 2022 ஏப்ரலில் வெளியான உத்தரவின்படி, நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்புக்குத் தெரிவிப்பது கட்டாயம். சைபர் குற்ற உதவி எண் 1930-இலும் புகார் அளிக்கலாம்.

பணம் செலுத்தலாமா?

பணம் கொடுத்தாலும் சாவி கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல் உள்ளிட்டவை 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' திட்டம், சில வகை ரான்சம்வேர்களுக்கான திறப்புக் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. இன்று கருவி இல்லாத வகைக்குப் பின்னர் கிடைக்கக்கூடும். எனவே, பூட்டப்பட்ட கோப்புகளை அழிக்காமல் தனியே சேமிப்பது அவசியம்.

மீட்கும் முறை

தடயங்களைச் சேகரித்த பிறகே ஹார்டு டிஸ்க்கை முழுமையாக அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்புகளைச் சேர்த்து, கடவுச்சொற்கள் அனைத்தையும் பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்து மாற்ற வேண்டும். தொற்று நுழைந்த நாளுக்கு முந்தைய காப்பு நகலைச் சோதித்த பின்னரே கோப்புகளை மீட்க வேண்டும். அலுவலக நெட்வொர்க்குடன் இணைப்பது கடைசிப் பணி.

நுழைந்த வழியை அடைக்காவிட்டால் தாக்குதல் மீண்டும் நிகழலாம். 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை பயன்படுத்திய விண்டோஸ் குறைபாட்டுக்கு, மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெருமளவில் சிக்கின.

எப்போதும் இணைப்பில் இருக்கும் காப்பு நகலும் சேர்ந்தே பூட்டப்படக்கூடும். ஆகவே, முக்கியத் தரவுகளுக்கு மூன்று நகல்கள், இரு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று அலுவலகத்துக்கு வெளியே என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நடைமுறை. ஒரு நகலாவது எந்தக் கணினியுடனும் இணைக்கப்படாமல் இருப்பதே பாதுகாப்பு.