காவலில் வைக்கப்படும் சிறாரும் அறுபடும் பள்ளிப் படிப்பும்: சிகாகோ ஆய்வுகளை முன்வைத்து

சட்டத்துடன் முரண்பட்ட சிறாருக்கான கல்வித் திட்டம் என்றதும் காவல் இல்லத்தின் மதிலுக்குள் நடக்கும் வகுப்புகளே நம் நினைவுக்கு வருகின்றன. ஆசிரியர் எத்தனை பேர், தொழிற்பயிற்சி உண்டா, பொதுத்தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்று கணக்குப் பார்க்கிறோம். இந்தக் கணக்கு தொடங்கும் இடமே பிழையானது என்பது இக்கட்டுரையின் வாதம். சிறுவன் அதுவரை படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பைக் காவல் என்ன செய்தது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதற்கு விடை தேட ஏற்ற நகரம் சிகாகோ. 1899இல் உலகின் முதல் சிறார் நீதிமன்றம் அங்கேதான் தொடங்கியது. இத்துறையின் தேர்ந்த ஆய்வுகள் சிலவும் அந்நகரத்தையே களமாகக் கொண்டவை.

பொருளியலாளர்கள் அன்னா ஐசரும் ஜோசப் டாயிலும் அந்நீதிமன்றத்துக்கு வந்த 35,000க்கும் மேற்பட்ட சிறாரின் பிற்கால வாழ்வைப் பின்தொடர்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். இத்தகைய ஆய்வு எதுவும் முதலில் ஒரு ஐயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: காவலுக்குப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே சிக்கல் மிகுந்தவர்கள், பின்னால் அவர்கள் சறுக்கினால் பழியைக் காவலின்மேல் போடலாமா? வழக்குகள் நீதிபதிகளிடம் ஏறத்தாழச் சமவாய்ப்பு முறையில் போய்ச் சேர்ந்ததால் இதற்கு வழி பிறந்தது. நீதிபதிகளில் கடுமையானவரும் உண்டு, மென்மையானவரும் உண்டு. ஒரே வகை வழக்கில் ஒருவன் உள்ளே போக, இன்னொருவன் வீடு திரும்புகிறான். இவ்விருவரையும் ஒப்பிட்டபோது, காவல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கும் வாய்ப்பை 13 சதவீதப் புள்ளிகள் குறைத்தது. வளர்ந்தபின் சிறை செல்லும் வாய்ப்பை 23 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. இத்தனைக்கும் பெரும்பாலோர் உள்ளே இருந்தது ஓரிரு மாதங்களே. வெளியே வந்தவர்களில் பலர் பள்ளிப் பக்கமே போகவில்லை. போனவர்களும் நடத்தைக் கோளாறு உள்ளவர்கள் என்று முத்திரை குத்தப்படும் வாய்ப்பு கூடியிருந்தது.

உள்ளே நல்ல பள்ளி இல்லாததால் நேர்ந்த விளைவு இது என்று சொல்லித் தப்ப முடியாது. சிகாகோ அடங்கிய குக் கவுண்டியின் சிறார் காவல் மையத்துக்குள் நகரத்தின் பொதுப்பள்ளி நிர்வாகமே ஒரு பள்ளியை நடத்துகிறது. ஆகவே அறுபட்டது பாடம் அல்ல, தொடர்ச்சி. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2013இல் வெளியிட்ட தொகுப்பாய்வைக் காட்டிச் சிலர் மறுக்கக்கூடும். சிறைக் கல்வியில் சேர்ந்தவர்கள் மீண்டும் குற்றத்துக்குத் திரும்பும் வாய்ப்பு விகிதம் 43 சதவீதம் குறைவு என்றது அது. மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் அது வயதுவந்தோரைப் பற்றியது. சிறைக்குள் படித்தவரைப் படிக்காதவரோடு ஒப்பிடுவது. சிறைக்கே போகாமல் பள்ளியில் நீடித்த பதினைந்து வயதுச் சிறுவன் அந்த ஒப்பீட்டில் எங்கும் இல்லை. இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் 43 என்ற எண்ணை மட்டும் மேடைதோறும் சொல்லிவருவது ஆய்வு ஆகாது.

கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடுங்குற்றங்களில் என்ன செய்வது என்பது வலுவான மறுப்பு. ஐசர், டாயில் முடிவு நீதிபதிகள் வேறுபடக்கூடிய இடைநிலை வழக்குகளுக்கே பொருந்தும். எல்லா நீதிபதிகளும் காவலுக்கே அனுப்பும் வழக்குகளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அங்கே உள்ளே நடக்கும் பயிற்சியின் தரம் உண்மையாகவே முக்கியமாகிறது. ஆனால் அத்தகைய பயிற்சி பள்ளியிலேயே நடக்கக்கூடியது. பள்ளி மாணவருக்கான சிகாகோவின் 'பிகமிங் எ மேன்' திட்டத்தில் இருவரை எதிரெதிரே அமர்த்தி, ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, முப்பது விநாடிகளில் அதை வாங்கிவிடும்படி மற்றவனிடம் சொல்வார்கள். பெரும்பாலும் கைகலப்புதான். 'கொடு என்று கேட்டிருக்கலாமே' என்பார் பயிற்றுநர். கேட்டால் கொடுப்பான் என்பது எவனுக்கும் தோன்றியிருக்காது. பள்ளி வேளையிலேயே வாரம் ஒருமுறை நடந்த இத்திட்டம், நடந்த காலத்தில் வன்முறைக் குற்றக் கைதுகளை 45 முதல் 50 சதவீதம் வரை குறைத்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. காவல் மையத்திலேயே இதையொத்த பயிற்சி நடந்தபோது, மீண்டும் அங்கே திரும்புவது 21 சதவீதம் குறைந்தது. அளவுகோல்கள் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் பள்ளியில் இருக்கும்போதே செய்யக்கூடியதைக் காவல்வரை தள்ளிப்போட இந்த எண்களில் நியாயம் இல்லை.

இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்திலும் சிறுவனைப் பள்ளியிலேயே வைத்திருப்பதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. 12ஆம் பிரிவு பிணையை விதியாகவும் மறுப்பை விலக்காகவும் வைக்கிறது. 18ஆம் பிரிவின்படி, பள்ளிக்குச் செல்லுமாறே இளைஞர் நீதிக் குழுமம் ஆணையிடலாம். விசாரணைக்கு 14ஆம் பிரிவு தரும் நான்கு மாதம் சட்டத்தின் கண்ணுக்குக் குறுகியது. ஜூனில் தொடங்கும் கல்வியாண்டில் அது அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் காலத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். எனவே விசாரணைக் காலத்தில் சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குள் ஒரு சிறுவன் வந்ததும் அவன் பழைய பள்ளியில் பெயர் நீக்கப்படாமலிருக்க எழுத்துமூலம் அறிவிப்பது, அங்கு நடக்கும் பாடத்தையே இங்கும் நடத்துவது, தேர்வை அந்தப் பள்ளியின் பெயரிலேயே எழுதவைப்பது ஆகிய மூன்றும் இல்லத்தின் கடமையாக வேண்டும். மாற்றுச் சான்றிதழில் இல்லத்தின் முகவரி ஏறினால், தண்டனையால் எந்தத் தகுதியிழப்பும் நேரக்கூடாது என்னும் 24ஆம் பிரிவு ஏட்டளவில்தான் நிற்கும். கூர்நோக்கு இல்லங்களின் ஆண்டறிக்கையில் தையலும் தச்சும் கற்றோர் தொகைக்கு முன்னால், விடுதலையாகி ஓராண்டு கழித்தும் பள்ளியில் இருப்போர் எத்தனை பேர் என்ற எண்ணை அரசு வெளியிட வேண்டும்.