கனடாவில் இளம் குற்றவாளிகளின் மறுவாழ்வு: சமூகத்தின் பங்கு என்ன?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எல்மைரா என்றொரு சிற்றூர் உள்ளது. 1974ஆம் ஆண்டு, மதுபோதையிலிருந்த இரு இளைஞர்கள் அங்கே ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். கார்ச் சக்கரங்களைக் கிழித்தார்கள், ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள். வழக்கு நீதிமன்றத்திற்கு வந்தபோது, நன்னடத்தை அலுவலரான மார்க் யான்ட்சி வழமைக்கு மாறான ஒரு யோசனையை முன்வைத்தார். இவ்விருவரும் தாங்கள் சேதப்படுத்திய வீடுகளுக்கு நேரில் சென்று, உரிமையாளர்களின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்பதே அந்த யோசனை.

நீதிபதி முதலில் தயங்கினாலும் பின்னர் இணங்கினார். மெனோனைட் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த தொண்டர் ஒருவரும் நன்னடத்தை அலுவலரும் உடன்வர, அந்த இளைஞர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். காப்புறுதியால் ஈடுசெய்யப்படாத இழப்பு எவ்வளவு என்று கேட்டறிந்து, சில மாதங்களில் அத்தொகையைத் திருப்பிக் கொடுத்தார்கள். சீர்படுத்தும் நீதி என்று இன்று பல நாடுகளில் பேசப்படும் முறையின் நவீனத் தொடக்கமாக எல்மைரா வழக்கே பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

இது தண்டனையிலிருந்து தப்புவதற்கான எளிய வழி என்று கூறுபவர்கள் உண்டு. முன்பின் தெரியாத 22 பேரின் வாசலில் நின்று "இதைச் செய்தது நான்தான்" என்று சொல்வது எளிதா என்பதை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சட்டத்தில் இந்த எண்ணம் முழுமையாக இடம்பெறக் கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. 2003 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இளைஞர் குற்றவியல் நீதிச் சட்டம், 12 முதல் 17 வயது வரையானோருக்குப் பொருந்துகிறது. வன்முறையற்ற குற்றத்திற்காகச் சிறுவர்களைச் சிறையிலடைக்கும் பழக்கம் நாட்டில் மிகுந்துவிட்டது என்பதை அச்சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. முதன்முறையாக, வன்முறை இல்லாமல் தவறிழைத்த ஒருவரை நீதிமன்றத்திற்கு வெளியே கையாள்வதே போதுமானது என்ற அனுமானத்தோடு அது தொடங்குகிறது. பொலிஸார் எச்சரித்து அனுப்பலாம், அல்லது சமூகத் திட்டமொன்றுக்கு அனுப்பி வைக்கலாம். சமூகத்தைச் சேர்ந்த தொண்டர்களைக் கொண்ட இளைஞர் நீதிக் குழுக்களை அமைக்கவும் சட்டத்தின் 18ஆவது பிரிவு இடமளிக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? கடையில் திருடிப் பிடிபட்ட சிறுவனைக் கொண்டு கடைக்காரரிடம் மன்னிப்புக் கடிதம் கொடுக்கச் செய்யலாம். இழப்பை ஈடுசெய்யவோ, சமூகப் பணியில் குறிப்பிட்ட மணி நேரம் உழைக்கவோ, ஆலோசனை வகுப்புக்குப் போகவோ சொல்லலாம். முறைப்படியான மாற்று நடவடிக்கை என்றால், செய்த செயலுக்கு அவன் பொறுப்பேற்க வேண்டும், அதற்கு முன் சட்டத்தரணியிடம் ஆலோசனை பெறும் உரிமை அவனுக்கு உண்டு, பெற்றோருக்கு அறிவிக்கப்பட வேண்டும். அவ்வாறு பொறுப்பேற்றுக் கூறியதைப் பின்னர் அவனுக்கெதிரான சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. தமிழ்ப் பெற்றோர் பலருக்கு இந்தக் கடைசி விபரம் தெரிவதில்லை. பிள்ளை எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பிடிவாதமாக நின்று, நீதிமன்றத்திற்குப் போகாமலே முடிந்திருக்கக்கூடிய விடயத்தை வழக்காக்கிக்கொள்வதும் நடக்கக்கூடியதே.

தமிழ்ச் சமூகத்திற்கு இது அந்நியமான பேச்சு அல்ல. 1990களில் ரொறன்ரோவில், குறிப்பாக ஸ்காபரோவில், தமிழ் இளைஞர் குழுக்களுக்கிடையிலான மோதல்கள் உயிர்களைக் காவு கொண்டன. போரிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் அவை. தந்தையும் தாயும் இரண்டு, மூன்று வேலைகளுக்கு ஓடிக்கொண்டிருக்க, பள்ளிக்கூடத்திலிருந்து வரும் ஆங்கிலக் கடிதத்தைப் பிள்ளையே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நிலை. அந்தக் கடிதம் பிள்ளையின் நடத்தை பற்றியதாக இருந்தால் மொழிபெயர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். 1998இல் இளைஞர்களே முன்வந்து கனடியத் தமிழ் இளைஞர் மேம்பாட்டு மையத்தை உருவாக்கியது இந்தப் பின்னணியில்தான். பாடங்களில் உதவி, மூத்த மாணவர்களின் வழிகாட்டல், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே பேச்சை மீட்டெடுத்தல் என்ற வழியை அது எடுத்துக்கொண்டது.

அதே காலத்தில் அரசு சென்ற வழி வேறு. 2001 அக்டோபரில் பொலிஸாரும் குடிவரவு அதிகாரிகளும் இணைந்து, குழுக்களோடு தொடர்புடையவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட தமிழ் இளைஞர்களைக் கைது செய்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த இலங்கைக்கு நாடுகடத்தப்படும் அபாயம் அவர்களில் பலரை எதிர்நோக்கியது.

ஒன்ராறியோவின் பாதுகாப்பான பள்ளிகள் சட்டமும் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. சிறிதும் சகிப்பதில்லை என்ற கொள்கையின் பெயரில் மாணவர்கள் இடைநிறுத்தப்பட்டார்கள், வெளியேற்றப்பட்டார்கள். இன அடிப்படையிலும் உடற்குறை அடிப்படையிலும் சிறுபான்மையினரை இது அதிகம் பாதிப்பதாக மாகாண மனித உரிமை ஆணைக்குழு சுட்டிக்காட்டியது. 2007இல் சட்டம் திருத்தப்பட்டு, நீண்டகாலம் இடைநிறுத்தப்பட்ட அல்லது வெளியேற்றப்பட்ட மாணவருக்கு மாற்றுக் கல்வித் திட்டம் வழங்கும் பொறுப்பு கல்விச் சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பகல் முழுவதும் தெருவில் நிற்கும் பதினாறு வயதுப் பையனை யார் முதலில் அணுகுவார்கள் என்பதை அதிகாரிகள் புரிந்துகொள்ள இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டது வியப்பளிக்கிறது. இதற்கு மாறாக, ரொறன்ரோவின் ரீஜன்ட் பார்க் பகுதியில் 2001இல் ஒரு சமூகச் சுகாதார நிலையம் தொடங்கிய கல்வித் திட்டம், வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாட உதவியோடு பேருந்துச் சீட்டும், மேற்படிப்புக்கான நிதியும் வழங்கியது. பேருந்துக் கட்டணம் இல்லாததால் பள்ளிக்கு வராதவர்களும் உண்டு என்பதை அவர்கள் கவனித்திருந்தார்கள். பின்னர் அத்திட்டம் நாட்டின் வேறு நகரங்களுக்கும் பரவியது.

சிறைக்குள்ளும் கல்வி சென்றிருக்கிறது. கிச்சனரில் உள்ள பெண்கள் சிறையில், வில்ஃப்ரிட் லோரியே பல்கலைக்கழகத்தின் மாணவர்களும் கைதிகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து ஒரே பாடத்தைப் பயிலும் திட்டம் 2011இல் ஆரம்பமானது. அது எல்மைராவிலிருந்து சிறிது தூரமே.

எனினும், இந்தக் கதவுகள் எல்லோருக்கும் ஒரே அளவில் திறப்பதில்லை. மக்கள்தொகையில் சுமார் 5 விழுக்காடாக உள்ள பூர்வகுடியினர், கூட்டாட்சிச் சிறைகளில் உள்ளோரில் 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டதாக 2020இல் சிறைகள் தொடர்பான கண்காணிப்பு அதிகாரி அறிவித்தார்.

புலம்பெயர்ந்தோருக்கு வேறொரு கோடு இருக்கிறது, அது பதினெட்டாவது பிறந்தநாள். இளைஞர் சட்டத்தின் கீழ் இளைஞருக்குரிய தண்டனை பெற்ற ஒருவரை அக்குற்றத்திற்காக மட்டும் குற்றப் பின்னணி கொண்டவர் என்று குடிவரவுச் சட்டம் கருதுவதில்லை. அதே செயலை 18 வயதில் செய்த, குடியுரிமை பெறாத நிரந்தர வதிவிடவாசியின் நிலை வேறு. பாரதூரமான குற்றத்திற்காக நாடுகடத்தல் உத்தரவு பிறப்பிக்கப்படும்போது அதை எதிர்த்து மேன்முறையீடு செய்யும் உரிமை, முன்பு 2 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறைத்தண்டனை பெற்றவர்களுக்கே மறுக்கப்பட்டது. 2013இல் அந்த வரம்பு ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது. குழந்தையாக வந்து, கனடியப் பள்ளியில் படித்து, குடியுரிமை விண்ணப்பத்தைப் பெற்றோர் பின்போட்டதால் மட்டுமே வெளிநாட்டவராக நிற்பவருக்கும் இதுவே விதி. இளைஞர்களிடையே பணிபுரியும் தமிழ் அமைப்புகள் பாட உதவியோடு குடியுரிமைப் படிவம் நிரப்பவும் உதவுவது மிகையாகாது.

தண்டனை முடிந்த பின்னரும் பதிவு தொடர்கிறது. இளைஞர்களின் பதிவுகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் பொதுவாகத் தாமாகவே மூடப்படுகின்றன. வயது வந்தோரோ பதிவை இடைநிறுத்துமாறு விண்ணப்பிக்க வேண்டும். 600 டாலருக்கும் மேலிருந்த விண்ணப்பக் கட்டணம் 2022 ஜனவரியில் 50 டாலராகக் குறைக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனால் விண்ணப்பிக்கக் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 5 அல்லது 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதி அப்போது மாற்றப்படவில்லை. நீதிமன்றம் விதித்த அபராதத்தில் சிறு தொகை நிலுவையில் இருந்தாலும், அது கட்டி முடிக்கப்படும் நாள்வரை அந்தக் காத்திருப்பு தொடங்குவதே இல்லை.