ஆறு போகலாம், ஆள் போகக்கூடாது

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் தென்கோடியில் டான்வில் என்று ஒரு ஊர். பருத்தி மில்லும் புகையிலையும்தான் அந்த ஊருக்குச் சோறு போட்டவை. ஊரை ஒட்டி டான் ஆறு ஓடுகிறது. கிழக்கே போய் ஸ்டாண்டன் ஆற்றோடு கலக்கிறது. இரண்டும் கூடுகிற முனையில், ஸ்காட்ஸ்பர்க் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில், அரசாங்கம் ஒரு பூங்கா கட்டியது. 1936 ஜூன் 15 அன்று வர்ஜீனியா ஒரே நாளில் திறந்த ஆறு மாநிலப் பூங்காக்களில் அதுவும் ஒன்று. மரக்குடில்கள், நீச்சல்குளம், காட்டுப்பாதை, குடும்பத்தோடு வந்து ராத்தங்கிப் போக எல்லா வசதியும்.

டான்வில் சேரியைத் தொட்டு ஓடின தண்ணீர் அந்தப் பூங்காவுக்குள் தாராளமாகப் போனது. டான்வில்காரரான கறுப்பர் போக முடியவில்லை. திறந்த ஆறு பூங்காக்களும் வெள்ளையருக்கு மட்டுமே. (சேரி என்று நான்தான் சொல்கிறேன். அவர்கள் வேறு பெயர் வைத்திருக்கலாம். நமக்குத் தெரியாத இடமா அது?)

1948ல் எம். கான்ராட் மார்ட்டின் என்ற டான்வில் கறுப்பர் அந்தப் பூங்காவுக்குள் அனுமதி கேட்டார். மறுத்தார்கள். வழக்குப் போட்டார். அவர் ஏழையல்ல, படிக்காதவரும் அல்ல. வங்கி நடத்தியவர். "பணம் வந்துட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்று நம்மிடம் ஓயாமல் சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

அரசாங்கம் என்ன செய்தது? கதவைத் திறக்கவில்லை. 1896ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பிளெஸ்ஸி வழக்கில் சொன்ன 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற தீர்ப்பு கையில் இருந்தது. சமமாக ஒன்று இருப்பதாகக் காட்டினால் போதும், வழக்கு செத்துவிடும். பிரின்ஸ் எட்வர்ட் என்ற மாவட்டத்துக் காட்டுக்குள் கறுப்பருக்கென்று ஏற்கெனவே ஒரு சின்ன ஏரிப் பொழுதுபோக்கு இடம் இருந்தது. அதைப் பெரிதாக்கி, 1950ல் 'நீக்ரோக்களுக்கான பிரின்ஸ் எட்வர்ட் மாநிலப் பூங்கா' என்று பலகை மாட்டினார்கள். அதே காட்டுக்குள் இன்னொரு ஏரி, குட்வின் ஏரி. அது வெள்ளையருக்கு. ஊர்க் கிணறு, காலனிக் கிணறு என்று நாம் பார்க்காததா? மார்ட்டின் தன் ஆற்றங்கரையை விட்டு, மாவட்டம் தாண்டி அந்த ஏரிக்குப் போகலாம். சமம் என்பது இதுதான்.

தனிக்கிணறு வெட்டிக் கொடுத்தவர்களைப் பற்றி நம்மில் சிலருக்கு இன்றைக்கும் நன்றி உண்டு. தாகம் தீர்ந்ததே என்பார்கள். பிரின்ஸ் எட்வர்ட் பூங்காவுக்கும் கறுப்பர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், நீந்தினார்கள், சமைத்துச் சாப்பிட்டார்கள். அந்த மகிழ்ச்சியை நான் கேலி செய்ய மாட்டேன். பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் குதிக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த ஏரி எதற்காகப் பெரிதாக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டியதில்லை. மார்ட்டினை வெளியே நிறுத்தத்தான்.

இன்னொரு விஷயம். இந்தப் பூங்காக்களை யார் கட்டினார்கள்? 1933ல் ரூஸ்வெல்ட் ஆரம்பித்த வேலைப்படை கட்டியது. வேலையில்லாத இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்துக் காடு வளர்க்கவும் பாதை போடவும் வைத்த திட்டம் அது. அதிலும் கறுப்பர் முகாம் தனி, வெள்ளையர் முகாம் தனி. அந்த ஆறு பூங்காக்களில் ஒன்றான கடலோர சீஷோர் பூங்காவின் பெரும்பகுதியைக் கட்டியது கறுப்பு இளைஞர்கள். சதுப்பில் இறங்கி, கொசுக்கடியில் கிடந்து, பாதை போட்டவர்கள். பூங்கா திறந்த அன்றைக்கு அவர்கள் வெளியே.

இதைப் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆற்றில் ஒரு அணைக்கட்டு. அதை ஒட்டிப் பூங்கா போட்டபோது அம்மா சித்தாள் வேலைக்குப் போனாள். கரைக்கு மண் சுமந்தாள், அந்த சிமெண்டு பெஞ்சுகளுக்கு ஜல்லி சுமந்தாள். ஆடிப்பெருக்குக்கு ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு அங்கே போகும். ஒரு வருசம் நாங்களும் போனோம். நான் ஆறாவது படித்தேன். புளிச்சோறும் கருவாடும் கொண்டுபோயிருந்தோம். பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் காவலுக்கு இருந்தவர் வந்து, "எந்தத் தெரு நீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். போங்கள் என்று அவர் சொல்லவே இல்லை. அம்மாதான் எழுந்து, "வாடா, அந்தாண்ட போயி உக்காரலாம்" என்றாள். மதகுக்குக் கீழே, துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பலகை எதுவும் இல்லை அங்கே. வர்ஜீனியாவில் பலகை வேண்டியிருந்தது. நம்மூரில் ஒரு கேள்வி போதும்.

சட்டம் இல்லாமலா? இருந்தது. 1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ். கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் கட்டிப் பராமரிக்கிற குளம், கிணறு, சத்திரம் எல்லாம் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்றது. நம் சென்னை சட்டமன்றத்திலும் 1924ல் இரட்டைமலை சீனிவாசன் பொதுத்தெரு, பொதுக்கிணறு பற்றித் தீர்மானம் நிறைவேற்றவைத்தார். மார்ட்டின் நீதிமன்றம் போவதற்கு இருபது வருசத்துக்கும் முந்தைய கதை இது. வரிப்பணத்தில் கட்டியது எல்லோருக்கும் என்ற அதே வாதம்.

தீர்மானத்தை நம்பி 1927 மார்ச் 20 அன்று மகாத் என்ற ஆற்றங்கரைச் சின்ன ஊரில் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சவுதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் குடித்தார்கள். குடித்துவிட்டுப் பந்தலுக்குத் திரும்பினவர்கள் மேல் தாக்குதல். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள், சோற்றை மண்ணில் கொட்டினார்கள். பிறகு 108 குடம் சாணி, மூத்திரம், பால், தயிர் கொட்டிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நகராட்சி தன் பழைய தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. டிசம்பரில் மறுபடி கூடப்போனபோது சாதி இந்துக்கள் யாரும் இடம் தரவில்லை, ஒரு முஸ்லிம்தான் நிலம் தந்தார். அங்கேதான் பந்தல் போட்டுத் தங்கினார்கள், அங்கேதான் மனுஸ்மிருதியை எரித்தார்கள். குளத்து வழக்கு முடிய 1937 ஆயிற்று. நம் வரலாற்றில் முகாம் போடுவது என்றால் இதுதான். விடுமுறைக்குக் கூடாரம் அடிப்பது நமக்கு வாய்க்கவில்லை.

வாய்க்கவில்லை என்றாலும் அதற்கு உரிமை இல்லையா? கிணறு, தெரு, கோயில், பள்ளிக்கூடம் என்று கேட்டோம். ஓய்வு கேட்கவில்லை. கேட்டால் 'கூழுக்கே வழியில்ல, பூங்கா கேக்குதா' என்று நம் ஆட்களே சிரிப்பார்கள். மார்ட்டின் கேட்டது ஓய்வுதான். ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் மல்லாந்து படுக்கிற உரிமை. அது அற்பம் என்றால், அதை மறுக்க ஒரு அரசாங்கம் தனியாகப் பூங்கா கட்டியிருக்குமா?

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நீக்ரோப் பூங்கா திறந்த மறுவருசம், 1951 ஏப்ரல் 23 அன்று, அதே பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் ஃபார்ம்வில் ஊரின் கறுப்பர் பள்ளியில் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயசுப் பெண் வேலைநிறுத்தம் தொடங்கினாள். தார்க்காகிதம் ஒட்டின கொட்டகைகளில் வகுப்பு நடந்த பள்ளி அது. நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அந்த வழக்கும் சேர்ந்துதான் 1954ல் பிரவுன் தீர்ப்பு வந்தது. 1955 நவம்பரில் பொதுக்கடற்கரைகளிலும் பிரிவினை செல்லாது என்றாயிற்று. சீஷோர் பூங்காவைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுத் தப்பிக்கலாமா என்று பார்த்தது வர்ஜீனியா. நீதிமன்றம் தடுத்தது. உடனே பூங்காவையே பூட்டிப் பல வருசம் திறக்கவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், 1959 முதல் 1964 வரை பொதுப்பள்ளிகளையே மூடியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி. கறுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து வருசம் தெரு.

டான்வில்லும் சும்மா இல்லை. 1960 ஏப்ரலில் கறுப்பு மாணவர்கள் வெள்ளையர் பூங்காவுக்குள் போனார்கள், அங்கிருந்து நகர நூலகத்துக்கும் போனார்கள். நூலகத்தை மூடினார்கள். செப்டம்பரில் திறந்தபோது எல்லோரும் வரலாம், ஆனால் உட்கார நாற்காலி இல்லை. அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். நின்றுகொண்டு புத்தகம் எடுக்கலாம், பக்கத்தில் உட்காரக்கூடாது. அம்மாவின் பெஞ்சும் அந்த நாற்காலிகளும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

1946ல் அம்பேத்கர் கறுப்பர் அறிஞர் டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐ.நா. சபைக்கு அமெரிக்கக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் படி வேண்டும் என்று கேட்டார். டுபோய்ஸும் பதில் எழுதினார். நாமும் அவர்களும் கேட்பது ஒன்றுதான் என்பதை அந்த இருவரும் அப்போதே கண்டிருந்தார்கள்.

1964ல் குடிசார் உரிமைகள் சட்டம் வந்தபிறகுதான் பிரின்ஸ் எட்வர்ட் பூங்காவின் பெயரிலிருந்த கோடு அழிந்தது. பின்னாளில் அதையும் குட்வின் ஏரியையும் சேர்த்து ஒரே பூங்காவாக்கி இரட்டை ஏரிப் பூங்கா என்று பெயர் வைத்தார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் அந்தப் பூங்காவுக்குள் போகலாம். எங்கள் அணைக்கட்டுப் பூங்காவிலும் இப்போது யாரும் தெருவைக் கேட்பதில்லை, நுழைவுச்சீட்டுதான் கேட்கிறார்கள். போன வருசம் அம்மாவைக் கூட்டிப்போனேன். பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்தாள். "இத நாங்க போட்டதுதான்" என்றாள். உட்காரச் சொன்னேன். முட்டி வலிக்குது என்று சொல்லிக்கொண்டே நடந்துபோய் மதகுக்குக் கீழே அந்தக் கல்லில் உட்கார்ந்தாள்.