கதவுப் பச்சையும் செவுத்துப் பச்சையும்

போன மாசம் ஊருக்குப் போயிருந்தோம். தாத்தா கட்டின வீட்டுக்கு வெள்ளையடிச்சு பல வருஷம் ஆச்சு. பட்டாசலுக்கு கரும்பச்சைதான் அடிக்கணும்னு மகளுக்கு ஒரே பிடிவாதம். "ஆலிவ் கிரீன்ப்பா" என்றாள். முக்கூடல்காரனுக்கு ஆலிவ் எதுக்கு? காய்ஞ்ச பீடி இலை நிறம், அவ்வளவுதான் :)

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "கதவுக்கு அடிக்கிற பச்சையை எவனாவது செவுத்துக்கு அடிப்பானா?"

அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. யோசித்துப் பாருங்கள், நம்ம பக்கத்துப் பழைய வீடுகளில் கதவு, ஜன்னல் எல்லாம் பச்சை. சுவர் மட்டும் வெள்ளை, இல்லாட்டி இளநீலம். ஏன்?

தேடியதில் கிடைத்த பதில், சுண்ணாம்பு. எண்ணெய் பெயின்டில் பெரும்பாலும் கரும்பச்சைக்குப் போட்டது 'குரோம் பச்சை'. அது தனிப் பொருள் இல்லை, ரெண்டின் கலவை. ஒன்று பிரஷ்யன் நீலம். 1700-களின் தொடக்கத்தில் பெர்லினில் வேறு எதையோ செய்யப்போய் தற்செயலாகக் கிடைத்தது. இன்னொன்று குரோம் மஞ்சள். 1797-ல் பிரான்ஸில் வாக்லின் குரோமியத்தைக் கண்டுபிடித்த பிறகு வந்தது. எண்ணெயில் குழைத்து மரத்தில் பூசினால் வருஷக்கணக்கில் நிற்கும். ஆனால் பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. சுண்ணாம்பில் கலந்தால் நீலம் சிதைந்து பச்சையே போய்விடும். துணிக்குப் போடுகிற நீலம் அல்ட்ராமரீன் வகை, 1828 வாக்கில் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதைச் சுண்ணாம்பு ஒண்ணும் செய்யாது. வெள்ளையடிக்கும்போது நீலப் பொட்டலம் வாங்கின ரகசியம் இதுதான். அம்மாவின் ரசனைக்குப் பின்னால் இவ்வளவு கெமிஸ்ட்ரி!

ஐரோப்பாக்காரர்கள் சுவரையும் பச்சையாக்கினார்கள். 1775-ல் ஷீலே என்ற ஸ்வீடன்காரர் செய்த பச்சையில் தாமிரத்தோடு ஆர்சனிக். அந்த வகைப் பச்சையைப் பூசின சுவர்த்தாள் வீடு வீடாக ஒட்டப்பட்டது. நெப்போலியன் 1821-ல் செத்துப்போன வீட்டுச் சுவர்த்தாளிலும் ஆர்சனிக் இருந்தது பிற்பாடு தெரிந்தது. அதுதான் ஆளைக் கொன்றது என்பது கட்டுக்கதை, வயிற்றுப் புற்றுநோய் என்றே பெரும்பாலோர் சொல்கிறார்கள்.

சரி, நம்ம பச்சை மட்டும் ஒழுங்கா? குரோம் மஞ்சள் என்பது ஈய குரோமேட். அதாவது ஈயம். இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் போகக்கூடாதென்ற விதி 2016-ல்தான் வந்தது, 2017 நவம்பரில் அமலானது. எங்க கதவுக்கு வயசு அறுபதுக்கு மேல்.

இதைப் படித்துக்கொண்டிருந்த நேரம் திண்ணைப் பக்கம் கரகரவென்று சத்தம். பெயின்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தரையெல்லாம் பச்சைத்தூள். அதில் தங்கச்சி மகன், பத்து மாசம், தவழ்ந்து வந்து கையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறான்!

ஓடிப்போய்த் தூக்கினேன். "என்ன அண்ணாச்சி, காலங்காலமா தேய்க்கிறதுதானே" என்றார் பெயின்டர். அவர் நுரையீரலுக்கும்தான் அது போகிறது என்றேன். மிச்சக் கதவைத் தண்ணீர் தொட்டு நனைத்தே தேய்த்தார், துணி கட்டிக்கொண்டு. தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். பிள்ளையை வேலை முடியும்வரை சித்தி வீட்டில் விட்டோம். ஆனால் அதற்குள் ரெண்டு கதவு தேய்த்தாகிவிட்டது.

பட்டாசலில் ஒரு சுவருக்கு மட்டும் மகள் கேட்ட பச்சை, தண்ணீர் பெயின்டில். அம்மா அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாள். பிள்ளைக்கு ஈயம் பார்க்க ரத்தம் கொடுத்திருக்கிறோம், ரிசல்ட் இன்னும் வரவில்லை.