விமானியாக விண்ணப்பித்த மாணவிகள்: ஒரு வரலாற்றுப் பார்வை

1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதன் பின்னர் இலங்கையின் வான் பாதுகாப்பைப் பிரித்தானியர் பலப்படுத்தினர். வவுனியா ஓடுபாதையும் றோயல் விமானப்படையின் தளமாக இயங்கியது. 1943, 1944 ஆம் ஆண்டுகளில் பியூபோர்ட், பியூபைற்றர் வகை விமானங்கள் அங்கிருந்து பறந்தன. எமது கல்லூரியின் மூத்த மாணவிகளும் அவற்றை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அவற்றை ஓட்டியவர்கள் ஆண்கள். ஆனால் அதே வகை விமானங்களை இங்கிலாந்தில் தொழிற்சாலைகளிலிருந்து படைத்தளங்களுக்கு ஓட்டிச்சென்று ஒப்படைத்தவர்களுள் பெண்களும் இருந்தார்கள் என்பதை அன்று இங்கே யாரும் அறிந்திருக்க நியாயமில்லை. 1940 ஜனவரியில் எட்டுப் பெண்களுடன் தொடங்கிய அந்தப் பிரிவில், போர் முடிவதற்குள் 160க்கும் மேற்பட்ட பெண்கள் பணியாற்றினர். 1943இல் அவர்களுக்கு ஆண்களுக்குச் சமமான ஊதியமும் கிடைத்தது.

படிக்கும் வயதிலேயே ஒரு பெண் விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பது எப்போது சாத்தியமாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். இந்தத் தலைப்பை மலர்க்குழுவினருக்குச் சொன்னபோது சிலர் புருவத்தை உயர்த்தினர். வன்னியில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டுமா என்று கேட்டனர். வன்னியில் இருப்பதனாலேயே எழுதவேண்டும் என்பது என் எண்ணம். காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1939இல் பல்கலைக்கழக, கல்லூரி மாணவர்களுக்கு அரச செலவில் விமானம் ஓட்டக் கற்பிக்கும் திட்டமொன்று சட்டமாயிற்று. குடிசார் விமானிகள் பயிற்சித் திட்டம் என்பது அதன் பெயர். போர் மூண்டால் விமானிகள் தேவைப்படுவர் என்பதுதான் உள்நோக்கம். பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற விகிதத்தில் மாணவிகளுக்கும் இடம் வைத்தார்கள். கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகள் சிலவற்றிலும் திட்டம் தொடங்கப்பட்டது. அவற்றுள் ஒன்று அலபாமா மாநிலத்திலுள்ள டஸ்கீகி கல்லூரி.

அங்கே படித்துக்கொண்டிருந்த மில்ட்றெட் ஹெமன்ஸ் என்ற மாணவி விண்ணப்பித்தார். வயது போதாது என்று முதலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை. வயது வந்ததும் மீண்டும் விண்ணப்பித்து இடம் பெற்றார். 1941 பெப்ரவரியில் விமானி அனுமதிப்பத்திரம் அவர் கைக்கு வந்தது. அலபாமாவில் அதைப் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் அவரே. அதே ஆண்டில் பட்டமும் பெற்றார். ஆனால் அந்த ஆண்டிலேயே, பயிற்சி பெறுபவர்கள் இராணுவ சேவைக்கு உடன்படவேண்டும் என்று விதி மாறியது. பெண்களைப் படையில் சேர்ப்பதில்லை என்பதால் மாணவிகளுக்கு இருந்த அந்தச் சிறு வாசலும் அடைபட்டது.

பின்னர் போரில் விமானிகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்களைத் தேடினார்கள். 'வாஸ்ப்' எனப்பட்ட பெண் விமானிகள் பிரிவுக்கு 25,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். தெரிவானவர்கள் 1,830 பேர். பயிற்சியை முடித்தவர்கள் 1,074 பேர். சீன வம்சாவளிப் பெண்கள் இருவரும் அவர்களுள் இருந்தனர். கையில் அனுமதிப்பத்திரத்துடன் விண்ணப்பித்த மில்ட்றெட்டுக்கு மட்டும், அவருடைய இனத்தின் காரணமாக இடமில்லை என்று பதில் வந்தது.

இந்த வரலாற்றில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான். பெண் என்பதால் ஒரு கதவு. சிறுபான்மை இனத்தவள் என்பதால் இன்னொரு கதவு. அவர் டஸ்கீகி இராணுவ விமானத் தளத்தில் அலுவலகப் பணியில் சேர்ந்தார். அவருடைய வருங்காலக் கணவர் ஹேர்பேட் காட்டர் அதே ஊரில் போர் விமானியாகப் பயிற்சி பெற்றார். அவர் இராணுவ விமானத்திலும் இவர் சிறு வாடகை விமானத்திலும் ஏறி, ஏரியொன்றின் மேலே சந்தித்துக் கையசைத்துக்கொள்வார்களாம். கேட்க அழகான கதை. ஆனால் ஓட்டத் தெரிந்த இருவரில் ஒருவருக்குப் படை விமானம், மற்றவருக்கு மணித்தியாலக் கணக்கில் வாடகை விமானம் என்பதையும் அது சொல்கிறது.

தெரிவான பெண்களின் நிலையும் சொல்லும்படியாக இல்லை. அவர்கள் குடிசார் ஊழியர்களாகவே கணிக்கப்பட்டனர். கடமையின்போது 38 பேர் உயிரிழந்தனர். இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்புவதற்குத் தோழிகளே காசு சேர்க்கவேண்டியிருந்தது. 1944 டிசெம்பரில் பிரிவு கலைக்கப்பட்டது. முன்னாள் படையினர் என்ற தகுதி 1977இல்தான் கிடைத்தது.

சோவியத் ஒன்றியத்தில் வேறு விதமாக நடந்தது. 1941 ஒக்டோபரில் மரீனா ரஸ்கோவா பெண்களுக்கென விமானப் படையணிகளை அமைத்தபோது, மொஸ்கோ பல்கலைக்கழக மாணவிகள் பலர் முன்வந்தனர். வானியல் படித்த யெவ்கேனியா ருத்னேவா வழிகாட்டியாகப் பறந்து 1944 ஏப்ரலில் உயிரிழந்தார். பௌதிகவியல் மாணவியான இரினா ரகோபொல்ஸ்கயா உயிருடன் திரும்பிப் பின்னாளில் பௌதிகவியல் பேராசிரியரானார். கணிதமும் பௌதிகமும் படித்த மாணவிகளுக்கு அந்தப் படையணிகளில் தனி மதிப்பு இருந்தது.

எமது அயல்நாட்டில் இது நடக்க மேலும் அரை நூற்றாண்டு சென்றது. இந்திய விமானப்படை 1990களின் தொடக்கத்திலேயே பெண்களை விமானிகளாகச் சேர்த்தது. முதல் அணியைச் சேர்ந்த ஹரிதா கவுர் தியோல் 1994 செப்டெம்பரில், 22ஆம் வயதில், அவ்ரோ விமானத்தைத் தனியே ஓட்டினார். 1996 டிசெம்பரில் நெல்லூருக்கு அருகே நடந்த விபத்தில் அவர் இறந்தார். டெல்லியின் ஹன்ஸ்ராஜ் கல்லூரியில் பௌதிகவியல் படித்த குஞ்சன் சக்சேனா 1999 கார்கில் போரில் ஹெலிகொப்டர் ஓட்டினார். போர் விமானம் ஓட்டும் அனுமதி 2015 வரை கிடைக்கவில்லை. 2016 யூனில் ஆவணி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் ஆகிய மூவரும் முதலாவது பெண் போர் விமானிகளாக நியமனம் பெற்றனர். மூவரும் பொறியியல் பட்டதாரிகள்.

அங்கே பட்டதாரிகள் எழுதும் பொதுப் பரீட்சை ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24 வரை. எந்தப் பட்டம் பெற்றிருந்தாலும் 12ஆம் வகுப்பில் கணிதமும் பௌதிகவியலும் படித்திருக்கவேண்டும். ஆள் உயரம் மட்டுமன்றி, உட்கார்ந்த உயரம், கால் நீளம், தொடை நீளம் எல்லாம் அளக்கப்படும். விமானி அறையில் மிதிகளுக்குக் கால் எட்டவேண்டும். அவசரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் இடிபடக்கூடாது. விமானித் தகைமைத் தேர்வில் தவறியவர் அப்பிரிவுக்கு மறுபடி தோற்ற முடியாது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. க.பொ.த. உயர்தரத்தை மூன்று முறை எழுதலாம் என்று பழகிய எமக்கு இது சற்றுக் கடுமையாகவே தோன்றும்.

இலங்கை விமானப்படை 1951 மார்ச் 2ஆம் திகதி தொடங்கப்பட்டது. திருகோணமலை சீனக்குடாவில் இரண்டு பெண் அதிகாரிகள் முதன்முதலாக விமானிச் சின்னம் பெற்றது 2020 நவம்பரில். இடையில் 69 ஆண்டுகள்.

இனி, வன்னியில் இருப்பதனாலேயே எழுதுகிறேன் என்று சொன்னதற்கு வருகிறேன். எமது மாணவிகளின் இரண்டு தலைமுறைக்கு விமானம் என்றால் கிபிர். சத்தத்தை வைத்தே எது வேவு விமானம், எது குண்டுவீச்சு விமானம் என்று பிரித்தறிய ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. பள்ளி வளவில் பங்கர் வெட்டியிருந்தோம். மணி அடித்தால் கொப்பியைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். 2006 ஓகஸ்ட் 14ஆம் திகதி காலை, வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் வதிவிடப் பயிற்சிக்காகக் கூடியிருந்த முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டப் பாடசாலை மாணவிகள் மீது விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்தன. 50க்கும் மேற்பட்ட மாணவிகள் உயிரிழந்தனர். உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்; விண்ணப்பப் படிவம் நிரப்பும் வயது. இரணைமடுவில் போர்க்காலத்தில் அமைந்த ஓடுபாதை இன்று விமானப்படைத் தளம். வவுனியா ஓடுபாதையும் அப்படியே.

ஆகவே எமது மாணவிகள் விமானப்படைக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்று நான் எழுத வரவில்லை. விண்ணப்பிக்கக்கூடாது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மில்ட்றெட் ஹெமன்ஸுக்கு வேண்டாம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ தானே சொல்வதற்கு ஒரு மாணவியிடம் முதலில் தகைமை இருக்கவேண்டும். வன்னியின் பல பாடசாலைகளில் உயர்தரக் கணிதப் பிரிவுக்கு ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போவது இன்றும் நடக்கிறது. படிவம் கையில் கிடைப்பதற்கு முன்பே பதில் எழுதப்பட்டுவிடுகிறது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், சாதாரணதரப் பெறுபேறு வந்த கையோடு ஒரு மாணவி வந்து, "ரீச்சர், பிளேன் ஓடுறதுக்கு என்ன பாடம் எடுக்கவேணும்?" என்று கேட்டாள். கூட வந்த தாய் எதுவும் பேசவில்லை. மகள் வெளியே போனதும், "படிக்கட்டும் ரீச்சர். ஆனா அந்தச் சத்தம் கேட்டா எனக்கு இப்பவும் கை கால் நடுங்கும்" என்றார். அவரும் எமது கல்லூரியின் பழைய மாணவிதான். பங்கருக்குள் இருந்து படித்தவர். மகளைக் கணிதப் பிரிவில் சேர்த்துவிட்டுப் போனார். மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்.