அம்மையாரின் ஊருக்கு ஓர் அச்சுப்படி

காரைக்கால் அம்மையாரின் சோழர்காலச் செப்புத் திருமேனிகளுள் புகழ்பெற்ற இரண்டு இன்று அமெரிக்காவில் உள்ளன. ஒன்று கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில். மற்றொன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில். நியூயார்க் திருமேனி 13ஆம் நூற்றாண்டினது. உயரம் ஏறத்தாழ 23 சென்டிமீட்டர்தான். வற்றிய உடல், கையில் தாளம், பாட்டில் தோய்ந்த முகம். மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்காலில் திரளும் மக்களுள் மிகப் பெரும்பாலோர் இவற்றை நேரில் காணப் போவதில்லை. அவர்களுக்கு வாய்க்கக்கூடியது அச்சுப்படி ஒன்றே. ஆகவே அதன் தரத்தை நாம் சிறிய செய்தியாகக் கருதுவதற்கில்லை.

நல்ல படம் ஆற்றக்கூடிய பணிக்குச் சான்று அம்மையாரின் வரலாற்றுக்கு அருகிலேயே இருக்கிறது. அவர் தலையால் நடந்து சென்றதாகப் பெரியபுராணம் கூறும் தலம் திருவாலங்காடு. அவ்வூர் நடராசர் இன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்தியாவுக்கு வந்தவரல்லர். விக்டர் கொலுபியூவின் வழியாகக் கிடைத்த புகைப்படங்களைக் கொண்டே 1913இல் சிவநடனம் பற்றி எழுதினார். அவர் மறைந்தபின், 1921இல், ஆனந்த குமாரசுவாமி, ஹாவெல் முதலியோரின் எழுத்துகளோடும் படங்களோடும் அது நூலாயிற்று. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்.

அக்காலத்து உயர்ந்த கலைநூல்கள் பல கொலோடைப் முறையை நாடின. 1855இல் பிரான்சின் புவாத்வான் கண்ட வழியிலிருந்து வளர்ந்த முறை அது. தகட்டில் பூசிய ஜெலட்டின் ஒளிபட்ட அளவுக்கேற்ப இறுகும்; இறுகிய இடம் மையை ஏற்கும், ஈரம் உள்ள இடம் விலக்கும். நாளிதழ்ப் படம்போலப் புள்ளிகளாகச் சிதறாமல், ஒளியிலிருந்து நிழலுக்கு இழைந்து செல்லும் சாயல் கிடைக்கும். செப்புத் திருமேனியின் படத்துக்கு அதுவே உயிர். கரியால் ஆன மை எளிதில் வெளிறுவதுமில்லை. ஆயினும் தகடு விரைவில் தேயும், வேலையும் மெதுவானது. ஆஃப்செட் பெருகியபின் இம்முறை அருகிற்று.

இன்று அப்பணியை நிறமி மையும், பருத்தி இழையில் செய்த அமிலமற்ற தாளும் செய்கின்றன. சாய மையில் அச்சிட்டது பொதுவாக விரைவில் மங்கும். நிறமி மை நெடுங்காலம் நிற்கும். மூலப்படத்துக்கும் முன்போல் தடையில்லை. மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் பொதுவுடைமையான பழம்படைப்புகளின் படங்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. எஞ்சியவை நம் கவனத்தைச் சார்ந்தவை: கடற்கரை ஊரின் ஈரக்காற்று படாத சட்டம், வெயில் விழாத சுவர்.

இன்னொன்றும் வேண்டும். நாட்காட்டிப் படங்களைப்போல் பெருக்காமல், 23 சென்டிமீட்டர் அளவிலேயே அச்சிட வேண்டும். அழகைத் துறந்து பேயுருவை வேண்டிப் பெற்றவர் அவர். சிற்பி அவரைச் சிறிதாகவே வார்த்தான். அருகில் சென்று குனிந்து நோக்கும்போதுதான் அந்த எலும்பின் கோடுகள் புலப்படும். மூலத்துக்கு அச்சுப்படி ஈடாகாது என்பதை நாம் அறிவோம். ஆனால் மூலம் கடல்கடந்து இருக்கையில், மங்காத ஒரு படியேனும் அவருடைய ஊரில் இருப்பது முறையல்லவா?